மலை ஓடுதளங்களுக்கு ஏற்ற சிறிய விமானம்: கையைக் கடிக்காமல் எதை வாங்கலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

விமானி உரிமம் கையில் இருக்கிறது, தார் ஓடுதளத்தில் இறங்கி ஏறிச் சலித்துவிட்டது, இனி மலைப் பள்ளத்தாக்குகளில் கிடக்கும் புல்தரைக்கும் சரளைத் தரைக்கும் போக வேண்டும், ஆனால் பெரிய பணம் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் பழைய அமெரிக்க விமானங்கள்தான். இந்த ரகத்தில் மலிவாகவும் உதிரிபாகத்தோடும் கிடைப்பவை அவையே.

இதற்கென்றே செய்த விமானம் வேண்டுமா? சாதாரண விமானம் போதாதா?

ஆரம்பத்துக்கு, பெரும்பாலும் போதும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜான்சன் கிரீக் என்று ஒரு புல்தரை ஓடுதளம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,900 அடி உயரம், 3,400 அடி நீளம். குளிர்ந்த காலை வேளையில், இரண்டு பேர், அளவான பெட்ரோல் என்று போனால் சாதாரண செஸ்னா 172 அங்கே இறங்கி ஏறிவிடும், பலரும் அப்படித்தான் போகிறார்கள். அதே விமானத்தில் நான்கு பேரையும் கூடாரத்தையும் அடைத்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் கதையே வேறு.

வீடியோக்களில் பார்க்கிற ஆற்று மணல் திட்டு இறக்கங்களை மனதில் வைத்துக்கொண்டு விமானம் தேடுவதுதான் இங்கே பணம் வீணாகும் முதல் இடம். நீங்கள் உண்மையிலேயே போகப்போகிற ஓடுதளங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உயரம், நீளம், சரிவு, தரை எப்படி என்பதையும் போடுங்கள். அந்தத் தாளில் 1,000 அடிக்குக் குறைந்த ஓடுதளம் எத்தனை என்று பாருங்கள். பலருக்கு ஒன்றுகூட இருக்காது.

மலையில் விமானம் ஏன் இப்படித் திணறுகிறது?

காற்று மெலிந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் அடிக்கிறது: என்ஜின் உறிஞ்சக் காற்று போதவில்லை, ப்ரொப்பெல்லர் தள்ளக் காற்று போதவில்லை, இறக்கையைத் தாங்கவும் போதவில்லை. உயரத்தோடு வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கணக்குக்குத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்று பெயர், அதாவது இன்றைய காற்றின் அடர்த்தியைப் பார்த்தால் விமானம் எவ்வளவு உயரத்தில் இருப்பதாக உணரும் என்பது.

மனக்கணக்காகவே போடலாம். வழக்கமான கணக்குப்படி கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும். 5,000 அடியில் இருக்க வேண்டியது 5 டிகிரி. இன்று அங்கே 30 டிகிரி என்றால் 25 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 120 அடி வீதம் 3,000 அடி சேரும். ஆக, நீங்கள் நிற்பது 5,000 அடியில், விமானம் பறக்கப்போவது 8,000 அடிக் காற்றில்.

அந்தக் காற்றில் டர்போ இல்லாத 160 ஹெச்பி (குதிரைத்திறன்) என்ஜின் கொடுப்பது 120 ஹெச்பிதான். மிக்சரை, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை, சரியாகக் குறைத்து வைத்தால்தான் அதுவும் கிடைக்கும், கடல் மட்டத்தில் பழகியதுபோல முழுக்கத் தள்ளிவிட்டுக் கிளம்பினால் அதிலும் குறையும். போதாததற்கு, வேகமானியில் அதே எண்ணைப் பார்த்துத் தரையை விட்டுக் கிளம்பினாலும் உங்கள் உண்மையான வேகம் 13 சதவீதம் அதிகமாக இருக்கும். அந்த வேகத்தை எட்ட ஓடவும் வேண்டும், இறங்கும்போது அதை நிறுத்தவும் வேண்டும்.

கையேட்டில் உள்ள தூரக் கணக்கை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது புது விமானத்துக்கும் நல்ல விமானிக்கும் போட்ட கணக்கு. செஸ்னா 172 என் மாடலின் கையேடு, கடல் மட்டத்தில் முழு எடையோடு தரையோட்டம் 805 அடி, 50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,440 அடி என்கிறது. இறங்குவதற்குத் தரையோட்டம் 520 அடிதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறங்க முடிகிற இடத்திலிருந்தெல்லாம் ஏற முடியாது என்பது அதிலேயே இருக்கிறது. மேலே சொன்ன 8,000 அடிக் காற்றில் ஏறும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

அதே கையேட்டில் இன்னும் சில வரிகள் சின்ன எழுத்தில் இருக்கும், அவற்றைத்தான் மலைக்காரர்கள் முதலில் படிப்பார்கள். காய்ந்த புல்தரை என்றால் தரையோட்டத்தில் 15 சதவீதம் கூட்டு. பின்காற்று ஒவ்வொரு 2 நாட் வேகத்துக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) 10 சதவீதம் கூட்டு. எதிர்காற்று 9 நாட் அடித்தால்தான் 10 சதவீதம் குறையும். பின்காற்று பறிப்பதையும் எதிர்காற்று கொடுப்பதையும் ஒப்பிட்டால் புரியும். இதற்கு மேல் ஐம்பது வருஷப் பழைய விமானம், தேய்ந்த ப்ரொப்பெல்லர், உங்கள் கை என்று சேர்த்து, வந்த தொகையில் பாதியை மறுபடி கூட்டிக்கொள்வது என் பழக்கம். கஞ்சத்தனம் காட்ட இது இடமில்லை.

எத்தனை ஹெச்பி இருந்தால் போதும்?

ஹெச்பியை மட்டும் தனியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. முழு எடையை ஹெச்பியால் வகுத்துப் பாருங்கள், ஒரு குதிரை எத்தனை பவுண்டு சுமக்கிறது என்று தெரியும்.

செஸ்னா 150 இல் 1,600 பவுண்டுக்கு 100 ஹெச்பி, அதாவது 16. எல்லோரும் ஆசைப்படும் செஸ்னா 170 பி, 2,200 பவுண்டுக்கு 145 ஹெச்பி, 15-க்குக் கொஞ்சம் மேல். 160 ஹெச்பி 172 ஏறக்குறைய 14.4. அதே 172-இல் 180 ஹெச்பி என்ஜினை மாற்றி, எடையை ஏற்றாமல் வைத்தால் 12.8. 160 ஹெச்பி பைப்பர் ட்ரை-பேசர் 12.5. பைப்பர் சூப்பர் கப் 11.7. 1956-இன் முதல் செஸ்னா 182, 2,550 பவுண்டுக்கு 230 ஹெச்பி, 11.1.

13-க்குக் கீழே வந்தால் மலையில் மூச்சுவிடலாம் என்பது என் கருத்து. கவனியுங்கள், இந்த எண்ணைக் குறைக்க இரண்டு வழி உண்டு, ஒன்று என்ஜின் மாற்றுவது, அதற்குப் பெரிய பணம் வேண்டும். இன்னொன்று சுமையை இறக்குவது, அதற்குக் காசே வேண்டாம். 172-ஐ 2,300 பவுண்டுக்குப் பதில் 2,000 பவுண்டில் பறக்கவிட்டால் அது 12.5 ஆகிவிடுகிறது. எடை 10 சதவீதம் கூடினால் டேக்-ஆஃப் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும், குறைத்தாலும் அதே விகிதத்தில் லாபம்.

சரி, பெயரைச் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

முதலில் யோசிக்க வேண்டியது பழைய செஸ்னா 182. 1956-இல் வந்தது, ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் செய்தவை எடை குறைந்தவை, கான்டினென்டல் ஓ-470 என்ஜின், சுழல்வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் ப்ரொப்பெல்லர், இறக்கையின் பின்விளிம்பில் 40 டிகிரி இறங்கும் பெரிய ஃபிளாப். நான்கு பேருக்கு இடம் உண்டு. மூன்று பேரும் கூடாரமுமாக மலைக்குப் போக இதைவிடக் குறைந்த விலையில் நிம்மதியான விமானம் எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால் பெட்ரோல், மணிக்கு 45, 50 லிட்டர் குடிக்கும். இன்னொரு குறை மூக்கு கனம், அதைப் பற்றிக் கீழே விரிவாக.

அடுத்து, 180 ஹெச்பி மாற்றிய 172. மாற்றிய விமானமாகவே வாங்குங்கள். நீங்கள் வாங்கி மாற்றினால் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பாது. செஸ்னா 175 என்று ஒன்று உண்டு, 1958 முதல் 1962 வரை வந்தது, கியர் வைத்த என்ஜினால் கெட்ட பெயர் வாங்கி விலை இறங்கிப்போன விமானம். அதில் கியர் என்ஜினைக் கழற்றி 180 ஹெச்பி லைக்கோமிங் போட்டது கிடைத்தால் விடாதீர்கள்.

துணி போர்த்திய விமானத்துக்கு மனம் ஒத்துக்கொண்டால் பைப்பர் ட்ரை-பேசர். குட்டை இறக்கை, தூக்கலான மூக்குச்சக்கரக் கால்கள், அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள், அதனால்தான் விலை கம்மி. ஒரு நல்ல சூப்பர் கப் விற்கிற விலையில் இரண்டு ட்ரை-பேசர் வாங்கிவிடலாம். மூக்குச்சக்கரத்தை எடுத்துவிட்டு வால்சக்கரம் பொருத்தி பேசராக மாற்றியவையும் நிறைய விற்பனைக்கு வரும். குட்டை இறக்கை என்பதால் என்ஜினைக் குறைத்தால் கல் மாதிரி இறங்கும். பழகாதவர் பயப்படுவார், பழகியவர் அதையே வசதியாக்கிக்கொள்வார்.

இரண்டு பேர் போதும் என்றால் சிட்டாப்ரியா வரிசையில் ஃபிளாப் உள்ள 150 ஹெச்பி 7ஜிசிபிசி, கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 180 ஹெச்பி ஸ்கவுட். பழைய சிட்டாப்ரியாக்களில் இறக்கைக்குள் இருக்கும் முதன்மைச் சட்டம் மரம். அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த சான்று இல்லாமல் தொடாதீர்கள். ஸ்டின்சன் 108 பறப்பதற்குத் தங்கமான விமானம், நான்கு பேர் இடம், ஆனால் அதன் ஃப்ராங்க்லின் என்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டும், வேறு என்ஜின் மாற்றியிருந்தால் பார்க்கலாம். மௌல் எம்-4, எம்-5 இரண்டும் இந்த வேலைக்கென்றே பிறந்தவை, வால்சக்கரமுள்ள செஸ்னா 180 விமானத்தின் விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்கள் அடுத்து அங்கேதான் போவார்கள். சும்மா ஓட்டிப் பழகலாம் என்று மௌலை வாங்காதீர்கள், தரையில் அது உங்கள் கால்களைத் தூங்கவிடாது.

சூப்பர் கப் ஏன் பட்டியலில் இல்லை?

விலை. விமானத்தில் குறை ஒன்றும் இல்லை. 1949-இல் வந்ததிலிருந்து இந்த வேலைக்கு அளவுகோலே அதுதான். ஆனால் கேள்வியில் "கையைக் கடிக்காமல்" என்று இருக்கிறதே.

வால்சக்கரம் கட்டாயமா?

இல்லை. வால்சக்கரத்தின் நன்மை நிஜமானது: ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து தள்ளி நிற்கும், குழியில் விழுந்து ஒடிய முன்னால் மென்மையான கால் கிடையாது, எடையும் குறைவு. செஸ்னா 172 என்பதே 170 பி-க்கு மூக்குச்சக்கரம் பொருத்திய விமானம்தான், அந்த இரண்டில் 170 கொஞ்சம் லேசு. ஆனால் பராமரித்த மலை ஓடுதளங்கள் பெரும்பாலானவற்றுக்கு மூக்குச்சக்கரமே போதும், இறங்கும்போது மூக்கைக் கடைசி வரை தூக்கிப் பிடிக்கத் தெரிந்தால்.

வால்சக்கரத்துக்கு ஆகும் செலவை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அமெரிக்காவில் அதற்குத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் குறிப்பும் வேண்டும், அனுபவம் குறைவானவருக்கு இன்சூரன்ஸ் கூடுதல், குறுக்குக்காற்றில் கவனம் சிதறினால் வால் முன்னால் சுற்றிக்கொண்டு வரும், அந்த ஒரு சுற்றில் ஒரு பக்கக் காலும் இறக்கை நுனியும் போய்விடும். வால்சக்கரம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அது தனி சுகம். கட்டாயம் என்று யாரோ சொன்னதற்காக வாங்காதீர்கள்.

தாழ்ந்த இறக்கை விமானம் வைத்திருக்கிறேன். விற்றுவிடவா?

விற்க வேண்டாம், எங்கே போகலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பைப்பர் செரோக்கி 235 போன்றது 2,900 பவுண்டு முழு எடையில் ஏறக்குறைய பாதியைச் சுமையாகத் தூக்கும், அந்த விலைக்கு அது அசாத்தியம். நீளமான, வெட்டிவிட்ட புல்தரைகளுக்கு நன்றாகப் போய்வரலாம். புதர், வேலிக்கம்பு, உயர்ந்த புல் உள்ள இடங்களில் இறக்கை உரசும், சக்கரம் எறிகிற சரளை ஃபிளாப்பின் அடியில் அடிக்கும். உள்ளே மடங்கும் சக்கரம் உள்ள விமானத்தைக் கரடுமுரடான தரைக்குக் கொண்டுபோக வேண்டாம், இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நானே கட்டும் விமானம், அல்லது யாரோ கட்டியது?

கிட்ஃபாக்ஸ், ரான்ஸ் எஸ்-7, ஜெனித் சிஎச் 701, 750 எல்லாம் இந்த வகை. இரண்டு பேர், லேசான உடம்பு, பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெச்பி ரோட்டாக்ஸ் 912 என்ஜின், மணிக்கு 20 லிட்டரை ஒட்டிய செலவு. சிஎச் 701-இன் முழு எடை 1,100 பவுண்டு, 100 ஹெச்பி என்ஜின் போட்டால் ஒரு குதிரைக்கு 11 பவுண்டு, மேலே சொன்ன 182-க்குச் சமம், அதில் பாதிக்கும் குறைவான பெட்ரோல் செலவில். இறங்கவும் ஏறவும் இவற்றோடு போட்டியிட முடியாது.

தொல்லை நடுவழியில். லேசான விமானம், பெரிய இறக்கை, மெதுவான வேகம், மதியக் காற்றில் மலைக்கு மேலே போகும்போது உலுக்கி எடுத்துவிடும். எதிர்காற்று 30 நாட் அடித்தால் கீழே சாலையில் போகிற லாரி உங்களை முந்திவிடும். வீட்டிலிருந்து மலை பக்கம் என்றால் இந்த வகை, மலை தூரம் என்றால் 182 வகை என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன்.

அமெரிக்க விதிப்படி தானே கட்டிய வகை விமானத்தில் பராமரிப்பு வேலையை உரிமையாளரே செய்துகொள்ளலாம், வருடாந்திரச் சோதனைக்கு மட்டும் உரிமம் பெற்ற மெக்கானிக்கோ, அதைக் கட்டிச் சான்று வாங்கியவரோ வேண்டும். வருஷக் கணக்கில் பார்த்தால் இந்த ஒரு சலுகை பெரிய மிச்சம். வேறொருவர் கட்டியதை வாங்கினால் அவருடைய கைவேலையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள், வெல்டிங், ஒயரிங், பெட்ரோல் குழாய் மூன்றையும் இந்த வகையை அறிந்த ஆளைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய டயர், வோர்டெக்ஸ் ஜெனரேட்டர், ஸ்டோல் கிட் (குறைந்த தூரத்தில் ஏறி இறங்க உதவும் மாற்றுப் பாகங்கள்): எதற்கு முதலில் பணம் போடுவது?

முதலில் தோள்பட்டை பெல்ட். ஐம்பதுகள், அறுபதுகளின் விமானங்கள் பலவற்றில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். அடுத்து 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி, ஏனென்றால் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளத்தாக்கில் விழுந்து கிடந்தால் பழைய பெட்டி கத்துவது யார் காதிலும் விழாமல் போகலாம்.

அதற்கப்புறம் ப்ரொப்பெல்லர். இதழின் கோணம் மாறாத, நிலையான ப்ரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஏறுவதற்கென்று அமைந்த ப்ரொப்பெல்லரை மாட்டினால் அடுத்த டேக்-ஆஃபிலேயே வித்தியாசம் தெரியும், நேர்ப்பறப்பில் சில நாட் வேகம் போகும், போகட்டும். டயரைப் பொறுத்தவரை 172 போன்றவற்றுக்குச் சக்கர உறைகளைக் கழற்றிவிட்டு, பின்னால் 8.00-6 அல்லது 8.50-6, முன்னால் அதற்கேற்ற கவையோடு ஒரு அளவு பெரிதாகப் போட்டாலே சரளை, எலிவளை எல்லாம் தாண்டிவிடலாம். 31 அங்குல ராட்சத டயர் ஆற்றங்கரைப் பாறைகளுக்கு. தேவையில்லாதவர் மாட்டினால் எடையும் காற்றுத்தடையும்தான் மிச்சம்.

இறக்கை மேல் ஒட்டும் சின்னத் தகடுகளான வோர்டெக்ஸ் ஜெனரேட்டரும் இறக்கை முன்விளிம்புப் பட்டையும் ஸ்டால் வேகத்தை, அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்கிற வேகத்தை, கொஞ்சம் குறைத்து, மெதுவான வேகத்தில் கட்டுப்பாட்டை நன்றாக வைத்திருக்கும். நல்லதுதான். ஆனால் ஒரு கணக்கு: இறங்கும் வேகம் 10 சதவீதம் அதிகமானால் பிரேக் கரைக்க வேண்டிய சக்தி 21 சதவீதம் அதிகம். பயத்தில் ஐந்தாறு நாட் கூட்டி இறங்குகிறவருக்கு எந்த கிட்டும் கொடுப்பதை அந்தப் பயம் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும்.

மெதுவாகப் பறக்க முடிவதில் அப்படி என்ன லாபம்? இறங்கும்போது மட்டும்தானே?

பள்ளத்தாக்கில் திரும்பும்போதும்தான், சொல்லப்போனால் அங்கேதான் முக்கியம். 30 டிகிரி சாய்த்து 90 நாட்டில் திரும்பினால் முழுசாகத் திரும்பி எதிர்த்திசைக்கு வர ஏறக்குறைய 760 மீட்டர் அகலம் வேண்டும். அதே சாய்வில் 60 நாட் என்றால் 340 மீட்டருக்குள் முடிந்துவிடும். திருப்பத்தின் அகலம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. 60 நாட்டில் ஃபிளாப் கொஞ்சம் இறக்கி, சாய்த்த நிலையிலும் ஸ்டாலிலிருந்து போதிய தூரத்தில் நிற்கிற விமானம்தான் மலைக்கு ஏற்றது. கனமான, வழவழப்பான, வேகமான விமானம் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்கு ஓடுதள நீளத்தைவிட இதுவே பெரிய காரணம்.

பழைய விமானம் வாங்கும்போது எங்கெங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்?

விற்பவரோடு சம்பந்தமில்லாத, அந்த ரகத்தைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை நீங்கள் பணம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால் நீங்களே போய்ப் பார்த்து ஒதுக்கிவிடக்கூடியவை இருக்கின்றன.

182 என்றால் முன் இருக்கைக்குக் கீழே குனிந்து, ரட்டர் பெடல்களுக்கு முன்னால், என்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்து அடியுங்கள். மூக்குக்கால் அந்தத் தகட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. யாராவது மூக்கில் இறங்கியிருந்தால் தகடு சுருங்கியிருக்கும், சரிந்த வெளிச்சத்தில் சின்ன அலையாகத் தெரியும், ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்திருக்கும். 182-களில் இது அவ்வளவு சாதாரணம், சுருக்கமே இல்லாத ஃபயர்வால் என்றால் ஒன்று அந்த விமானம் நல்ல கையில் இருந்திருக்கிறது, அல்லது தகட்டை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் லாக் புத்தகத்தில் இருக்க வேண்டும், அதோடு ப்ரொப்பெல்லர் தரையில் அடித்ததா, என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்களா என்பதும் இருக்க வேண்டும்.

எந்தப் பழைய செஸ்னாவானாலும் இருக்கை நகரும் தண்டவாளத்தைப் பாருங்கள். ஊசி இறங்கும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் டேக்-ஆஃபில் இருக்கை பின்னால் வழுக்கும், வழுக்குகிறவர் பிடிமானத்துக்கு யோக் என்னும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியையே பிடித்து இழுப்பார், மூக்கு நட்டுக்குத்தலாக எழும்பும். உயிர் போன கதைகள் உண்டு, தண்டவாளத்தைச் சோதிக்கக் கட்டாய உத்தரவே இருக்கிறது.

பைப்பர் துணி விமானங்களில் இறக்கையைத் தாங்கும் கம்பிகள் கீழ்நுனியில் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடைத்து மூடிய புதுவகைக் கம்பி மாற்றியிருந்தால் ஒரு தலைவலி தீர்ந்தது. வால்பக்கம் கீழே ஓடும் இரும்புக் குழாய்களில் தண்ணீர் தேங்கித் துரு ஏறும், துணிக்குள்ளே இருப்பதால் சும்மா பார்த்தால் தெரியாது. துணி எப்போது மாற்றியது, விமானம் கூரைக்குக் கீழே நின்றதா என்று கேளுங்கள். துணி முழுசாக மாற்றும் செலவு, மலிவான ட்ரை-பேசரின் விலையை எட்டிப்பிடிக்கும்.

என்ஜினில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எல்லோரும் கேட்பார்கள். எத்தனை மாதம் ஓடாமல் நின்றது என்று கேளுங்கள். லைக்கோமிங்கில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, ஓடாமல் நின்றால் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், கேம் துருப்பிடித்துக் குழி விழும். பத்து வருஷத்தில் 100 மணி நேரம் ஓடிய "புத்தம்புது" என்ஜினைவிட, வாரா வாரம் பறந்து 1,200 மணி நேரம் கண்ட என்ஜின் மேல். எண்ணெய் ஃபில்டரை வெட்டி விரித்துக் காட்டச் சொல்லுங்கள், மடிப்பில் இரும்புத்தூள் மினுங்கினால் கைகுலுக்கிவிட்டு வந்துவிடலாம்.

கடைசியாக, எடைச்சான்று. பல விமானங்களின் வெற்று எடை அறுபது வருஷத்துக்கு முன் எடுத்தது, அப்புறம் எல்லாம் காகிதத்தில் கூட்டிக் கழித்தது. நடுவில் இரண்டு பெயின்ட் பூச்சு, கம்பளம், பழைய ரேடியோவின் கழற்றாத ஒயர்கள். தராசில் ஏற்றிப் பார்த்தால் காகிதத்தைவிட ஐம்பது, நூறு பவுண்டு கூட இருப்பது ஆச்சரியமில்லை. மலைக்குப் போகிற விமானத்தை ஒரு தடவையாவது தராசில் நிறுத்துங்கள்.

வாங்கின பிறகு வருஷச் செலவு?

நாட்டுக்கு நாடு மாறும், அதனால் தொகை சொல்லவில்லை. வகை மட்டும்: நிறுத்துமிடம், இன்சூரன்ஸ், வருடாந்திரச் சோதனை, என்ஜினுக்கு எடுத்துவைக்கும் பணம், பெட்ரோல். முதல் மூன்றும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். லைக்கோமிங் ஓ-320, ஓ-360 என்ஜின்களுக்குப் பொதுவாக 2,000 மணி நேரம், ஓ-470-இன் பழைய மாடல்களுக்கு 1,500 என்று பிரித்துக் கட்டும் கெடு இருக்கிறது. அந்தச் செலவை மணி நேரத்தால் வகுத்து, பறந்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்துவையுங்கள். இன்சூரன்ஸ் தாளில் புல்தரை, சரளைத்தரை, விமானநிலையம் அல்லாத இடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே படியுங்கள், சில பாலிசிகள் அங்கே கையை விரித்துவிடும்.

பட்ஜெட் முழுவதையும் விமானத்திலேயே போட்டுவிடாமல், மலைப்பறப்பு சொல்லித்தரும் பயிற்றுநரோடு சில நாள் பறக்கப் பணம் வையுங்கள். மலைமுகட்டை நேராகப் போய்த் தாண்டாமல் 45 டிகிரி சாய்வாக நெருங்குவது, பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஒரு ஓரமாகப் போய்த் திரும்ப இடம் வைப்பது, முகட்டு உயரத்தில் காற்று 25 நாட்டைத் தாண்டினால் அன்றைக்கு வீட்டில் இருப்பது, ஒருவழி ஓடுதளத்தில் எந்தப் புள்ளிக்கு மேல் மறுபடி எழும்ப முடியாது என்று முன்பே குறித்துக்கொள்வது, இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம், கைக்கு வருவது பக்கத்தில் ஆள் இருந்தால்தான்.

டேக்-ஆஃப் ஓடும்போதே, இது ஏறாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடுதளத்தின் பாதியில் ஒரு அடையாளம் வையுங்கள், மரமோ கல்லோ. அங்கே வரும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். எழும்பும் வேகம் 50 நாட் என்றால் பாதியில் 35. வரவில்லையா, உடனே த்ராட்டிலை இழுத்து நின்றுவிடுங்கள், யோசிக்க வேண்டாம். வேகத்தின் வர்க்கம் தூரத்தோடு கூடுவதால் பாதித் தூரத்தில் 70 சதவீத வேகம் என்ற கணக்கு வருகிறது. ஓடி முடித்து எழும்பினால் போதாது, எதிரே மரமோ மேடோ இருந்தால் அதைத் தாண்டும் தூரமும் கணக்கில் வர வேண்டும். ஊரில் நீளமான ஓடுதளத்தில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். நான்கு பேர், சாமான் வேறு. அப்போது பெரிய விமானம்தானே வேண்டும்?

செஸ்னா 206 வாங்கப் பணம் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் நடையைப் பிரியுங்கள். மலையடிவாரத்தில் நீளமான ஓடுதளமும் பெட்ரோலும் உள்ள ஒரு விமானநிலையத்தை மையமாக வைத்துக்கொண்டு, முதல் நடையில் இருவரும் சாமானும், இரண்டாம் நடையில் மற்ற இருவரும். திரும்பும்போதும் அப்படியே, விடிந்ததும் காற்று எழும்புவதற்கு முன்னால் முடித்துவிடலாம். முழு டாங்கி பெட்ரோலோடு உள்ளே போக வேண்டியதில்லை, போய்வரத் தேவையானதும் போதிய மிச்சமும் இருந்தால் போதும். ஒரு காலன் 6 பவுண்டு, 20 காலனைக் கீழேயே விட்டுவிட்டால் 120 பவுண்டு மிச்சம், பத்து வயதுப் பிள்ளையும் அதன் பையும் அதில் அடங்கிவிடும்.